ஸ்மால் பிளாக் ஷெவி: மாற்றிப் போட்ட பாகம் எங்கே மக்கர் செய்கிறது?

ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின் முதலில் 1955 மாடல் கார்களில் வந்தது. அளவு 265 கன அங்குலம். அப்புறம் 283, 327, 302, 307, 350, 400, 262, 305, 267 என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ஆனால் சில அளவுகளை மட்டும் கம்பெனி தொடவே இல்லை. ஒரு சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்த சிலிண்டர் மையம் 4.4 அங்குலம். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) மையத்திலிருந்து பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடலின்) மேல்தளம் 9.025 அங்குலம். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு 17 போல்ட். கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் பின்முகமும், 1-8-4-3-6-5-7-2 என்ற எரியூட்டும் வரிசையும் அப்படியே இருந்தன.

"ஸ்மால் பிளாக்கா? எதை எடுத்து எதில் வேண்டுமானாலும் போடலாம்" என்ற பேச்சு இதனால்தான் வந்தது. பாதி உண்மை. உட்காராத பாகத்தால் பெரிய நஷ்டம் இல்லை. மேசையிலேயே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுத்துவிடலாம். அழகாக உட்கார்ந்து, போல்ட்டும் ஏறி, வண்டியில் இறக்கிய பிறகு தகராறு செய்கிற பாகம்தான் பணத்தைத் தின்னும். கீழே வருவதில் பெரும்பகுதி அந்த வகைதான்.

இங்கே பேசுவது பழைய தலைமுறை இரும்பு பிளாக் பற்றி மட்டும். 1992-இல் வந்த எல்டி1-இல் குளிர்நீர் ஹெட்டுக்கு முதலில் போகும், அதன் ஹெட்டை இதில் கலக்க முடியாது. 1997-இல் தொடங்கிய எல்எஸ் வகையறா முழுக்க வேறு எஞ்சின். இன்னொன்று: இடது, வலது என்பதெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கிற கணக்கு. அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடது பக்கம்.

கையில் இருப்பது எந்த பிளாக்?

விற்பவர் சொல்வதை விட்டுவிடுங்கள், ஏர் கிளீனர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் விட்டுவிடுங்கள். பிளாக்கின் பின்பக்கம், இடது ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் புடைப்பாக இருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். வார்ப்புத் தேதியும் அதே பின்விளிம்புப் பகுதியில்தான்: ஒரு எழுத்து, தேதி, ஆண்டின் கடைசி இலக்கம். எழுத்து மாதத்தைக் குறிக்கும், ஆங்கில எழுத்து வரிசையில் முதல் எழுத்து ஜனவரி, மூன்றாவது மார்ச். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 8 என்றிருந்தால் 1968-ஆகவும் இருக்கலாம், 1978-ஆகவும் இருக்கலாம். மற்ற அடையாளங்களைச் சேர்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய சமதளத்தில் குத்திய எண்ணின் கடைசி எழுத்துகள், அந்த எஞ்சின் எந்த வகை வண்டிக்குக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும்.

வார்ப்பு எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 3970010 என்ற புகழ்பெற்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 350 என்று நினைத்துத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், ஆனால் அதே வார்ப்பு 302-க்கும் 327-க்கும் போயிருக்கிறது. மூன்றுக்கும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4.00 அங்குலம்தான். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.00 என்றால் 302, 3.25 என்றால் 327, 3.48 என்றால் 350. கொள்ளளவை முடிவு செய்வது உள்ளே கிடக்கும் கிராங்க்.

305 கதை இதற்கு நேர் எதிர். ஸ்ட்ரோக் 350-இன் அதே 3.48, போர் மட்டும் 3.736. வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, அதனால்தான் 305-ஐ 350 என்று சொல்லி விற்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஹெட் கழன்றிருந்தால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்: 350-இல் சுமார் 101.6 மி.மீ., 305-இல் சுமார் 94.9 மி.மீ. "போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) 350 ஆக்கிக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வித்தியாசம் 0.264 அங்குலம். வழக்கமாக போர் போடுவது 0.030 அங்குலம், மீறினால் 0.060. அதற்கு மேல் போனால் சுவர் உடைந்து தண்ணீர் அறைக்குள் போய்விடும்.

அறிகுறி: எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வேகம் கூடக் கூட வண்டியே அதிர்கிறது

நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். சக்கரம் ஓடாமலே அதிர்வு கூடினால் பிரச்சினை எஞ்சின் பக்கம். பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் ஆல்டர்னேட்டர், ஃபேன் எதுவும் காரணமில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டுகளைக் கழற்றி, அதைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னும் அதிர்கிறதா? சந்தேகப்பட வேண்டிய இடம் இரண்டுதான்: பின்னால் ஃபிளைவீல் அல்லது (ஆட்டோமேட்டிக்கில் அதற்குப் பதிலாக வரும் தகடான) ஃபிளெக்ஸ்பிளேட், முன்னால் கிராங்க்கின் மூக்கில் மாட்டும் பேலன்ஸர் வளையம்.

காரணம் புரிய மூன்று வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1985 வரைக்குமான 283, 302, 327, 350, 305 ஆகியவற்றில் சமநிலை முழுக்க கிராங்க்கிலேயே முடிந்துவிடும். முன்னால் பேலன்ஸரும் பின்னால் ஃபிளைவீலும் எந்தப் பக்கமும் கூடுதல் எடை இல்லாத உருண்டை.

400 வேறு. அதன் ஸ்ட்ரோக் 3.75. கிராங்க்கின் எதிர் எடைகளுக்கு உள்ளே போதிய இடம் இல்லாததால் மிச்ச எடையை முன் பேலன்ஸரிலும் பின் ஃபிளெக்ஸ்பிளேட்டிலும் வைத்துவிட்டார்கள்.

1986-இல் பின் ஆயில் சீல் ஒரே வளையமாக மாறியபோது கிராங்க்கின் பின் விளிம்பின் வடிவமும் மாறியது. அதில் இருந்த எடை போய்விட்டது, அதை ஃபிளெக்ஸ்பிளேட்டில் பற்றவைத்து ஈடு செய்தார்கள். இந்த வகையில் பின்னால் மட்டும் எடை, முன்னால் எதுவும் இல்லை.

இனி ஆபத்து எங்கே என்று பாருங்கள். 1986-க்குப் பிந்தைய ஃபிளைவீலின் போல்ட் வட்டம் 3.00 அங்குலம், அதற்கு முந்தையது 3.58. ஒன்றில் இன்னொன்று ஏறவே ஏறாது, அங்கே நீங்கள் பிழைத்தீர்கள். ஆனால் பழைய 350-இன் ஃபிளெக்ஸ்பிளேட்டும் 400-இன் ஃபிளெக்ஸ்பிளேட்டும் ஒரே 3.58 வட்டம். ஆறு போல்ட்டும் சிணுங்காமல் ஏறும். பேலன்ஸரும் அப்படித்தான், எந்த ஸ்மால் பிளாக் கிராங்க்கின் மூக்கிலும் ஏறும். காயலான் கடையில் கிடைத்த 400 பேலன்ஸர் பெரிதாக, கனமாக, நல்ல பொருளாகத் தெரியும். அதை 350-இல் மாட்டினால் ஒரு பக்கம் எடை கட்டிய மாதிரிதான் சுற்றும்.

கண்ணால் பார்த்தே சோதிக்கலாம். கியர்பாக்ஸ் உறைக்குக் கீழே உள்ள தகட்டு மூடியைக் கழற்றுங்கள். முன் பேலன்ஸர் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஃபிளெக்ஸ்பிளேட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் விரல் நீள இரும்புத் துண்டு பற்றவைத்திருந்தால் அது எடை வைத்த வகை. சுற்றி முடித்தும் எதுவும் இல்லை என்றால் எடையில்லாதது. பேலன்ஸரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். 400 வகையில் ஒரு ஓரமாக மட்டும் உலோகம் குடைந்து எடுத்திருக்கும்.

383 கட்டியவர்களுக்குத்தான் இந்த அதிர்வு அதிகம் வரும். 350 பிளாக்கை 4.030 போர் போட்டு, 400-இன் 3.75 ஸ்ட்ரோக் கிராங்க்கை இறக்கினால் கிடைப்பது 383. அசல் 400 கிராங்க் என்றால், முழு பேலன்ஸ் வேலை செய்யாத பட்சத்தில், 400-இன் பேலன்ஸரும் 400-இன் ஃபிளெக்ஸ்பிளேட்டும் இரண்டுமே வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பாதி சரியாகும் என்பதில்லை, அதிர்வுதான் இடம் மாறும். கடையில் புதிதாக வாங்கிய கிராங்க் என்றால் உள் பேலன்ஸா (சமநிலை கிராங்க்கிலேயே முடிந்தது) வெளி பேலன்ஸா (400 மாதிரி) என்று தாளில் போட்டிருப்பார்கள். தாள் தொலைந்துபோன கிராங்க்கை ஊகித்து மாட்டாதீர்கள், மெஷின் ஷாப்பில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரே வளைய சீல் உள்ள 350-க்கும் இதே எச்சரிக்கை. ரேஸ் கடைகளில் 3.00 வட்டத்திலேயே எடையில்லாத ஃபிளைவீல் விற்கிறார்கள், உள் பேலன்ஸ் செய்த கிராங்க்குக்காக. கம்பெனி கிராங்க்கில் அதைப் போட்டால் போல்ட் ஏறும், எஞ்சின் ஆடும். அதிர்வோடு ஓட்டிக்கொண்டே போனால் முதலில் ஃபிளெக்ஸ்பிளேட் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விடும். அடுத்து மெயின் பேரிங்.

அறிகுறி: மெயின் கேப்பை (கிராங்க்கைப் பிளாக்கில் பிடிக்கும் மூடியை) முறுக்கியதும் கிராங்க் இறுகிவிடுகிறது, அல்லது பேரிங்குக்குள் உட்காரவே மாட்டேன் என்கிறது

மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்கின் பேரிங்குகளில் உட்காரும் பகுதி) விட்டம் மூன்று அளவில் இருக்கிறது. 1967 வரைக்குமான 265, 283, 327 எல்லாம் 2.30 அங்குலம். 1968 முதல் 2.45 (350 மட்டும் 1967-இல் வந்தபோதே 2.45). 400-க்கு 2.65. ராடு ஜர்னலும் (பிஸ்டனின் ராடு பிடிக்கும் பகுதி) கூடவே 2.00-இலிருந்து 2.10-க்கு மாறியது. அதாவது 1967-இன் 327-உம் 1968-இன் 327-உம் பெயரில் ஒன்று, பேரிங்கில் வேறு.

பெரிய ஜர்னலைச் சின்ன பிளாக்கில் போட வேண்டுமானால் கிராங்க்கைக் கடைந்து குறைக்க வேண்டும். 383-க்கு 400 கிராங்க்கின் மெயின் ஜர்னலை 2.65-இலிருந்து 2.45-க்குக் கடைவது அதனால்தான். சின்ன ஜர்னலைப் பெரிய பிளாக்கில் போட தடித்த பேரிங் கிடைக்கிறது, 350 கிராங்க்கை 400 பிளாக்கில் போடுபவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

ஜர்னல் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் டக்கென்று நின்றால் அது பேரிங் இல்லை. 3.75 ஸ்ட்ரோக்கில் ராடு போல்ட்டின் தலை பிளாக்கின் அடி விளிம்பில் இடிக்கும், சில சமயம் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டிலும் (சுருக்கமாகக் கேம்) இடிக்கும். ஒவ்வொரு ராடாகச் சுற்றிப் பார்த்து, இடிக்கிற இடத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இடைவெளி விட வேண்டும். கேம் ஏற்றி, டைமிங் செயின் போட்டுவிட்டுப் பாருங்கள். கேம் இல்லாமல் சுற்றிப் பார்த்து சரி என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அறிகுறி: ஸ்டார்ட்டர் கறகறக்கிறது, அல்லது வெறுமனே சுற்றுகிறது

ஃபிளைவீல் பல் வளையம் இரண்டு அளவு: 153 பல், விட்டம் 12¾ அங்குலம், 168 பல், விட்டம் 14 அங்குலம். ஸ்டார்ட்டர் மூக்கும் அதற்கேற்றது. இரண்டு போல்ட் ஓட்டையும் நேர்க்கோட்டில் பக்கம் பக்கமாக இருந்தால் 153-க்கு. ஒன்று முன்னே ஒன்று பின்னே சாய்வாக இருந்தால் 168-க்கு. பல பிளாக்குகளில் இரண்டு வகைக்கும் ஓட்டை போட்டிருப்பார்கள், அதனால் தவறான ஸ்டார்ட்டரும் நிம்மதியாக மாட்டிக்கொள்ளும்.

வகை சரியாக இருந்தும் சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். எஞ்சின் பிடிப்பதற்கு முன், சுற்றும்போதே கீச்சென்றால் பல் தூரமாக இருக்கிறது, ஸ்டார்ட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டை) எடுங்கள். எஞ்சின் பிடித்து, சாவியை விடும்போது கீச்சென்றால் பல் நெருங்கியிருக்கிறது, ஷிம் சேருங்கள். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே பேப்பர் கிளிப் கம்பி நுழைகிற இடைவெளி போதும். போல்ட்டும் அசல் போல்ட்டாக இருக்க வேண்டும். அதன் உடம்பில் ரம்பம் மாதிரி கீறல் இருக்கும், அதுதான் ஸ்டார்ட்டரை நகராமல் பிடிக்கிறது. பெட்டியில் கிடந்த சாதா போல்ட்டைப் போட்டுவிட்டு ஷிம்மோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

அறிகுறி: பின்னால் ஆயில் ஒழுகுகிறது

உடனே பின் சீல் மேல் பழி போட வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டின் பின் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பக்கம், ஆயில் பிரஷர் சென்ஸர் எங்கே ஒழுகினாலும் எல்லாம் அதே வழியாகத்தான் வழிந்து கீழே சொட்டும். சுத்தமாகத் துடைத்துவிட்டு டால்கம் பவுடர் தூவி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்தால் ஆயில் பேனை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை) பாருங்கள். 1974 வரை முன் சீல் மெல்லியது, 1975 முதல் 1985 வரை தடித்தது, 1986 முதல் பேன் முழுக்க ஒரே கேஸ்கெட். மெல்லிய சீலுக்கான பேனில் தடித்த சீலைத் திணித்தால் பேன் மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒழுகாமல் என்ன செய்யும்? ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் இடமும் மாறியது: 1979 வரை இடது பக்கம், 1980 முதல் வலது பக்கம். பேனும் அதே பக்கத்துக்கானதாக இருக்க வேண்டும்.

1985 வரைக்குமான இரண்டு துண்டு சீல் என்றால், துண்டுகள் சேரும் இடம் கேப் சேரும் இடத்திலேயே வராமல் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். உதடு எஞ்சினுக்கு உள்பக்கம் பார்க்க வேண்டும். பழைய கிராங்க்கை ஒரே வளைய பிளாக்கில் போட அடாப்டர் விற்கிறது. எதிர்த்திசைக்கு அப்படி ஒரு சுலப வழி இல்லை. 1986-க்குப் பிறகு வார்த்த பிளாக் என்பதாலேயே ஒரே வளையம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது: பழைய வண்டிகளுக்கு மாற்றாக ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் விற்ற குட்ரெஞ்ச் 350 எஞ்சினில் இரண்டு துண்டு சீல்தான் இருந்தது.

அறிகுறி: இன்டேக் மேனிஃபோல்டின் நடு போல்ட்டுகள் மட்டும் ஏறவில்லை, ஏற்றினால் ஐடில் தடுமாறுகிறது

ஹெட் 1987-க்குப் பிந்தையது, மேனிஃபோல்ட் முந்தையது. 12 போல்ட்டில் நடுவில் உள்ள நான்கு மட்டும் அந்த ஆண்டு சாய்வு மாறின. வால்வ் கவரைப் பார்த்தாலே தெரியும்: ஓரத்தில் போல்ட் இருந்தால் பழையது, நடு முதுகில் போல்ட் இருந்தால் புதியது. நான்கு ஓட்டைகளையும் நீள்வட்டமாக ராவி, சாய்வு வாஷர் போட்டால் வேலை முடியும். பலவந்தமாக முறுக்கினால் ஹெட்டில் மரை போய்விடும், கேஸ்கெட் வழியே காற்றும் இழுக்கும். 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுக்கு இந்த வித்தையெல்லாம் உதவாது. அதற்கு எட்டு போல்ட், செங்குத்து, தனி மேனிஃபோல்ட்தான் வாங்க வேண்டும்.

1968 வரைக்குமான ஹெட்டுகளின் முனைகளில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கான ஓட்டை கிடையாது. புது வண்டியில் பழைய ஹெட் போட்டுவிட்டு பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

அறிகுறி: ஹெட் மாற்றியபின் ஏற்றத்தில் டக்டக்கென்று தட்டுகிறது, அல்லது இழுவையே இல்லை

305 ஹெட்டின் எரி அறை பெரும்பாலும் 58 சிசி, சாதாரண 350 ஹெட்டில் 76 சிசி. 305 ஹெட்டை 350-இல் போட்டால் 8.5 சுற்றி இருந்த கம்ப்ரஷன் 10 பக்கம் போய்விடும். சாதா பெட்ரோலில் தட்டத்தான் செய்யும். நல்ல பெட்ரோல், கொஞ்சம் பின்வாங்கிய டைமிங் இரண்டும் வேண்டும். மாற்றிப் போட்டால், அதாவது 350 ஹெட் 305 மேல் என்றால், கம்ப்ரஷன் விழுந்து வண்டி சோம்பிவிடும். 2.02 அங்குல வால்வ் உள்ள ஹெட் என்றால் அந்தக் குறுகிய போரின் ஓரத்தில் வால்வே இடிக்கலாம். என்னைக் கேட்டால் இந்தச் சேர்க்கைக்குச் செலவழிப்பதைவிட 350 பிளாக் தேடுவது மேல்.

அறிகுறி: ஓவர்ஹீட்

பிளாக் 400 என்றால் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் முதலில் பாருங்கள். அதன் போர் 4.125, சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், நடுவே தண்ணீர் ஓட இடமில்லை. அங்கே தேங்கும் நீராவி வெளியேற மேல்தளத்தில் சுமார் 3 மி.மீ. ஓட்டைகள் போட்டிருப்பார்கள். 350 ஹெட்டில் அவை இல்லை, 350 கேஸ்கெட்டிலும் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கேஸ்கெட்டின் வளையம் போருக்குள் நீட்டிக்கொண்டும் நிற்கும். 400 கேஸ்கெட்டையே அச்சாக வைத்து ஹெட்டில் துளைத்துக்கொள்ள வேண்டும். 400 எப்போதும் கொதிக்கிற எஞ்சின் என்ற கெட்ட பெயருக்கு இந்த வேலையைத் தவிர்த்தவர்களும் ஒரு காரணம்.

மற்ற பிளாக் என்றால் வாட்டர் பம்ப். 80-களின் நடுவிலிருந்து வந்த ஒற்றைப் பட்டை பெல்ட்டில், பெல்ட்டின் முதுகு பம்ப்பை ஓட்டும். பம்ப் எதிர்த்திசையில் சுழலும். அந்தப் பம்ப்பை வி-பெல்ட் வண்டியில் மாட்டினால் ஒழுகாது, சத்தம் போடாது, ஆனால் தண்ணீர் சரியாக ஓடாது. பம்ப் நீளமும் இரண்டு வகை என்பதால் புல்லி வரிசை கோணலாக இருந்தால் அங்கேயும் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: டைமிங் லைட் சொல்வதும் எஞ்சின் சொல்வதும் ஒத்துப்போகவில்லை

1969 வாக்கில் நீள வாட்டர் பம்ப் வந்தபோது டைமிங் குறியின் இடமும் மாறியது. பழைய பேலன்ஸரும் புதிய குறித்தகடும் சேர்ந்தால் அளவு பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டி, இரு பக்கமும் கையால் சுற்றி, பிஸ்டன் இடித்து நிற்கும் இடங்களைக் குறித்து, அந்த இரண்டு குறிக்கும் நடுவே புதிதாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேலன்ஸரின் வெளி வளையம் ரப்பரில் நழுவியிருந்தாலும் இதே சோதனையில் பிடிபடும். நழுவியிருந்தால் கோடு போட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: கேம் மாற்றியபின் முன்பக்கம் தட்டுகிறது, டைமிங் அலைகிறது

கேமுக்கு மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் துண்டு லிஃப்டர்; 1987-இல் கம்பெனியே அடியில் உருளை உள்ள ரோலர் லிஃப்டர் போடத் தொடங்கியது. ரோலர் கேம் முன்னும் பின்னும் நகரப் பார்க்கும். அதைப் பிடிக்க பிளாக்கின் முகத்தில் இரண்டு போல்ட் போட்ட தகடு ஒன்று உண்டு. பழைய பிளாக்கில் அதற்கு இடமே இல்லை. எனவே கம்பெனி ரோலர் கேம் பழைய பிளாக்குக்கு ஆகாது; பழைய தட்டை லிஃப்டர் கேமைப் புதிய பிளாக்கில் போடலாம். டிரக் பிளாக்குகள் பலவற்றில் ரோலருக்கான மேடுகளை வார்த்திருப்பார்கள், ஓட்டை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். துளைத்து மரை போட்டால் ஆயிற்று. கேம் ஸ்பிராக்கெட்டின் போல்ட் வட்டமும் மாறியிருப்பதால் டைமிங் செயின் செட்டைக் கேமோடு சேர்த்தே வாங்குங்கள்.

அறிகுறி: எல்லாம் கட்டியாயிற்று, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை

ஃபியூவல் இன்ஜெக்ஷன் காலத்து பிளாக்குகள் சிலவற்றில் மெக்கானிக்கல் பம்ப்புக்கான ஓட்டையே கிடையாது. ஓட்டை இருந்தாலும் கேமில் பம்ப்பைத் தள்ளும் மேடு இருக்காது, பம்ப் சும்மா உட்கார்ந்திருக்கும். வலது பக்கம் முன்னால் பாருங்கள், கையால் பம்ப் கம்பியைத் தொட்டுக்கொண்டு எஞ்சினைச் சுற்றுங்கள். கம்பி அசையவில்லை என்றால் மின்சாரப் பம்ப்தான். 5 முதல் 7 பிஎஸ்ஐ தருவதாக வாங்குங்கள். இன்ஜெக்ஷன் வண்டியின் டேங்க்கில் ஏற்கெனவே இருக்கும் பம்ப்பை அப்படியே இணைத்தால் அழுத்தம் அதிகமாகி மிதவை ஊசியைத் தாண்டி பெட்ரோல் பொங்கும். அதை வைத்துக்கொள்ள ஆசை என்றால் நடுவே ரெகுலேட்டரும், டேங்க்குக்குத் திரும்பும் குழாயும் போட்டுக்கொள்ளுங்கள்.